கை குளிர்ந்ததா என்று கேட்டாய்

செஞ்சி
21.1.2024

அன்புள்ள அக்கா,

கலைமதி எழுதுகிறேன். நீயும் பாண்டுரங்கன் மாமாவும் சுகமாக இருக்கிறீர்களா? போன வருடப் பனியில் வந்த இருமல் இந்த வருடம் வரவில்லையே? இங்கே நாங்கள் நால்வரும் நலம். அனுவுக்கு ஐந்து மாதம் முடிந்தது. குப்புறக் கவிழ்ந்துவிட்டு, திரும்பத் தெரியாமல் வீட்டையே கூப்பிடுகிறாள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். பகலில் வீட்டில் இருப்பது அத்தையின் போன் ஒன்றுதான். அதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அத்தைக்கு எல்லோர் குரலையும் கேட்க வேண்டும். என் வீட்டுக்காரர் பஸ் டூட்டி முடிந்து வரும்போது நான் பேசும் நிலையில் இருப்பதில்லை. அதனால் அனு தூங்கும் மதிய நேரத்தில் உனக்கு எழுதலாம் என்று நினைத்தேன். நீயும் எழுது. நான் எழுதுவதை போனில் மட்டும் கேட்காதே.

பெரிதாக ஒன்றுமில்லை. பிரசவத்துக்குப் பிறகு இடது காதில் ஒரு சத்தம். குக்கர் விசில் அடங்கும்போது கடைசியாக ஒரு இழுப்பு வருமே, அதுபோல, நிற்காமல். நேற்று அத்தை, "இன்னா மதி, எத்தினி தபா கூப்புடறேன், காதுலயே வாங்க மாட்ற" என்றார். திட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தூக்கம் இல்லாததால் இருக்கும்.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
மதி


கோயம்புத்தூர்
29.1.2024

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. எனக்கு இருமல் இல்லை, மாமாவுக்கு முதுகுவலி இருக்கிறது, மற்றபடி சுகம். அனுவுக்கு ஆயிரம் முத்தம். எழிலனுக்கும் செல்லம்மாள் அத்தைக்கும் என் வணக்கம்.

ஒரு காதில் மட்டும் சத்தம் என்றால் அதைத் தூக்கத்தின் தலையில் கட்டாதே. தூக்கம் கெட்டால் இரண்டு காதும்தான் கெட வேண்டும். திண்டிவனம் போய் காது டாக்டரைப் பார். கேட்கும் திறனைச் சோதிக்க ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். வலி கிடையாது. தள்ளிப் போடாதே.

இன்னொன்று. நீ எழுதாமல் விட்டதை நானே கேட்கிறேன். வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால், அனு அழுவது கேட்கிறதா?

அன்புடன் அக்கா,
அமலா


செஞ்சி
6.3.2024

அன்புள்ள அக்கா,

நலமா? மாமாவின் முதுகுவலி குறைந்ததா? பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அனுவுக்கு இரண்டு கீழ்ப்பல் முளைத்து, பல்லோடு சேர்த்துக் காய்ச்சலும் வந்து போனது. இப்போது நன்றாக இருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: கேட்பதில்லை. ஒருநாள் அத்தை எழுந்து வந்து அவளைத் தூக்கியபோதுதான் விழித்தேன். அழுது அழுது முகம் சிவந்திருந்தாள். அன்றிலிருந்து இடது பக்கமே படுக்கிறேன்.

திண்டிவனம் போனோம். அந்தச் சின்ன அறையில் வலது காதுக்கு வந்தபோது பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். இடது காதுக்கு வந்ததும் சோதிக்கும் பெண் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் பாதி முடித்துவிட்டிருந்தாள்.

டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சின்னக் கட்டி இருந்தாலும் இப்படி ஆகுமாம். இருக்கும் என்று சொல்லவில்லை, பார்த்துவிடலாம் என்றார். சீட்டில் கான்ட்ராஸ்ட் ஊசியோடு எடுக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருக்கிறார்.

அது கடோலினியம்தானே அக்கா? பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம் படித்தேன். லாந்தனைடு வரிசை, அணு எண் அறுபத்து நான்கு, ஏழு தனி எலக்ட்ரான். பரீட்சைக்கு எழுதி பத்துக்கு ஒன்பது வாங்கினேன். தனி அயனியாக உடம்புக்குள் போனால் விஷம் என்றும் எழுதினேன், அதற்கும் மார்க் போட்டார்கள். உடம்பில் போனது பாலில் வராதா? அனு புட்டியை வாயில் வைப்பதே இல்லை. பாலாடையில் கொடுத்தால் துப்புகிறாள். நெட்டில் பார்த்தேன், மூளையில் தங்கும் என்று போட்டிருக்கிறது. அதைப் படித்த பிறகு மூடவும் முடியவில்லை, மேலே படிக்கவும் முடியவில்லை.

நீ ஸ்கேன் சென்டரில் தினமும் இதைத்தானே பத்துப் பேருக்குப் போடுகிறாய். எனக்குச் சொல்.

உன்,
மதி


கோயம்புத்தூர்
12.3.2024

என் அன்பு மதிக்கு,

சுகம்தானே? உன் கடிதத்தை வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் பிரித்து, செருப்பைப் போட்டபடியே நின்று படித்தேன். மாமா தேவலை. அனுவின் பல்லை போட்டோ எடுத்து எழிலன் போனிலிருந்து அனுப்பு.

நீ படித்தது சரி. தனியாக விட்டால் விஷம்தான். அதனால்தான் அதைத் தனியாக விடுவதில்லை. இடுக்கிச் சேர்மம் என்று நீ படித்திருப்பாய், நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல. அந்த உலோக அணுவைச் சுற்றி வளையமாக ஒரு கூண்டு கட்டி, கூண்டோடுதான் ரத்தத்தில் விடுகிறோம். சிறுநீரகம் கூண்டோடு பிடித்து வெளியே அனுப்பிவிடும், ஒரு நாளைக்குள் அநேகமாக எல்லாமே போய்விடும். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியே போடுவோம்.

எதற்காகப் போடுகிறோம் என்றால், கட்டி இருக்கும் இடத்தில் அது கசிந்து கொஞ்ச நேரம் நிற்கும். நிற்கும் இடம் படத்தில் வெள்ளையாக எரியும். அரிசி அளவு கட்டியை ஊசி இல்லாமல் தேடுவது, சுண்ணாம்பு அடித்த சுவரில் சுண்ணாம்புப் புள்ளியைத் தேடுவது மாதிரி.

மூளையில் தங்குமா என்று கேட்டாய். உன்னிடம் மறைக்க மாட்டேன். மிக மிகச் சிறிய அளவு தங்குவதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதனால் கெடுதல் வந்ததாக இதுவரை யாரும் காட்டவில்லை. இருந்தாலும் கூண்டு இறுக்கமாக உள்ள மருந்தாகப் பார்த்துப் போடுகிறோம். தேவை இல்லாதவர்களுக்குப் போடுவதில்லை. உனக்குத் தேவை.

பால்: உனக்குப் போடுவதில் பத்தாயிரத்தில் நாலு பங்குகூடப் பாலில் வராது. வருவதிலும் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவாகத்தான் குழந்தையின் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குப் போகும். பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றுதான் பெரிய டாக்டர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். மனசு கேட்காதவர்கள் ஒரு நாள் பீய்ச்சிக் கொட்டிவிட்டுப் பிறகு கொடுக்கலாம், அது அவரவர் விருப்பம்.

ஸ்கேன் முடிந்ததும் எழுது. எல்லோருக்கும் என் அன்பு.

அமலா


செஞ்சி
18.4.2024

அன்புள்ள அக்கா,

வணக்கம். அங்கும் இப்படித்தான் வெயிலா? இங்கே ராஜகிரிக் கோட்டைப் பாறையைப் பார்க்கவே கண் கூசுகிறது. நாங்கள் எல்லோரும் நலம். அனு தவழ்கிறாள், பின்பக்கமாக. வேண்டியதைப் பார்த்துக்கொண்டே அதிலிருந்து விலகிப் போய்விட்டு அழுகிறாள்.

ஸ்கேன் எடுத்தாயிற்று. விழுப்புரத்தில் கொடுத்த தேதி அமாவாசையாகப் போய்விட்டது. அவருக்கு மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ், லீவு கிடைக்கவில்லை. அத்தையும் நானும் அனுவைத் தூக்கிக்கொண்டு போனோம். ரிப்போர்ட்டில் பெரிய குறை எதுவும் தெரியவில்லை என்று இருக்கிறது. அவர் அந்த வரியை இரண்டு தடவை படித்துவிட்டு பஜாருக்குப் போய் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தார். அத்தை அங்காளம்மனுக்குப் பூ எடுத்து வைத்தார்.

ஊசி நீ சொன்ன மாதிரி ஒன்றுமில்லை. போட்டவுடன் உடம்பெல்லாம் குப்பென்று சூடாகி, அடிவயிறுவரை இறங்கியது, அவ்வளவுதான். ஒரு நிமிடத்தில் போய்விட்டது. நான்தான் வீணாகப் பயந்தேன். உன்னையும் டென்ஷன் ஆக்கினேன்.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். வேறு விஷயம் எழுது. மாமாவுக்கு வணக்கம்.

மதி


கோயம்புத்தூர்
24.4.2024

அன்புள்ள மதி,

நீயும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்தது. எழிலன் வாங்கிய ஜாங்கிரியில் என் பங்கையும் நீயே தின்றிருப்பாய், பரவாயில்லை.

வேறு விஷயம் எழுதச் சொன்னாய். எழுத உட்கார்ந்தால் இது ஒன்றுதான் வருகிறது.

பதினோரு வருடமாக இந்த ஊசி போடும்போது பக்கத்தில் நிற்கிறேன். எல்லோரிடமும் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கை குளிருகிறது என்பார்கள். ஐஸ் தண்ணீர் நரம்பில் ஏறுவதுபோல முழங்கைவரை ஏறுகிறது என்பார்கள். சிலர் நாக்கில் காசை வைத்த மாதிரி இருக்கிறது என்பார்கள். பலருக்கு ஒன்றுமே தெரியாது. உடம்பெல்லாம் குப்பென்று சூடாகி அடிவயிற்றில் இறங்குவது சி.டி. ஸ்கேனுக்குப் போடும் ஊசி. அது வேறு மருந்து, அதில் இருப்பது அயோடின்.

ஏன் எதற்கு என்றெல்லாம் கேட்கவில்லை. இதை மட்டும் எழுது. உனக்குக் கை குளிர்ந்ததா?

என்றும் உன் அக்கா,
அமலா


கோயம்புத்தூர்
3.6.2024

அன்புள்ள மதிக்கு,

நலம்தானே? நாற்பது நாள் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. போனில் கேட்கமாட்டேன் என்ற வாக்கை ஞாயிற்றுக்கிழமை மீறினேன். அத்தைதான் எடுத்தார். நீ சமையலறையில் இருப்பதாகச் சொல்லி இரண்டு முறை உன்னைக் கூப்பிட்டார், எனக்கும் கேட்டது. "அவளுக்குக் கேக்கல போலக்குதுமா, பாத்திரம் வெளக்கிட்டுக்குறா" என்றார். அனுவை மட்டும் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

உன்னைக் கோபிக்க எனக்கு வாய் இல்லை. ஏன் என்று எழுதுகிறேன். இதை மாமாவிடம்கூடச் சொன்னதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் மெஷினுக்கு ஒரு பெண் வந்தார். உன் வயது, உன்னைப்போலவே கைக்குழந்தை, ஒரு காதில் மட்டும் சத்தம். ஊசி வேண்டாம், பால் கொடுக்கிறேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே பதினாறு பேர் காத்திருந்தார்கள். உள்ளே போய் டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம். உட்கார வைத்துப் பத்து நிமிடம் பேசியிருக்கலாம். "சரிம்மா, வேணாம்னா வேணாம்" என்று சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஊசி இல்லாமல் எடுத்து அனுப்பினேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வருடம் கழித்து மறுபடி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. குழந்தை நன்றாக நடந்து வந்தது, தாயைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த முறை ஊசி போட்டேன். எலுமிச்சை அளவுக்கு வெள்ளையாக வந்தது. ஆபரேஷன் ஆகி உயிரோடு இருக்கிறார், ஆனால் முகத்தில் ஒரு பக்கம் அசைவில்லை. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உன் பயம் எனக்குத் தெரியும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுக்காத பத்து நிமிடத்தை நீ எனக்குக் கொடு.

அமலா


செஞ்சி
14.6.2024

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். இங்கே அனு நலம், அவரும் அத்தையும் நலம்.

கை குளிரவில்லை. ஊசியே போடவில்லை.

உன் கடிதத்தை நம்பித்தான் போனேன். பத்தாயிரத்தில் நாலு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். உள்ளே படுக்க வைக்கும் முன் ஒரு பெண் படிவத்தைக் காட்டி, பால் கொடுக்கிறீர்களா என்று கேட்டாள். அதே நேரம் வெளியே அத்தை மடியில் அனு அழுதாள். வலது காதில் கேட்டது. கேட்டதுமே எனக்குப் பால் சுரந்து, அவர்கள் கொடுத்த அங்கி நனைந்துவிட்டது. அந்த ஈரத்தோடு எப்படிக் கையை நீட்டுவேன்? வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் எழுதியிருக்கிறாரே என்று அந்தப் பெண் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

ரிப்போர்ட்டில் பெரிய குறை இல்லை என்பதற்கு அடுத்து இன்னொரு வரி இருக்கிறது. ஊசி போடாததால் காது நரம்பைத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை, தொந்தரவு தொடர்ந்தால் ஊசியோடு மறுபடி எடுக்கவும் என்று. அவர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

சூடு பக்கத்து வீட்டு மீனம்பாளக்கா சொன்னது. அவருக்கு வயிற்றுக்கு ஸ்கேன் எடுத்தபோது அப்படி இருந்ததாம். உனக்கு எழுதுவதற்காகவே போய்க் கேட்டு வந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது நடக்கும்போது லேசாக ஒரு பக்கம் இழுக்கிறது. அனுவைத் தூக்கிக்கொண்டு படி இறங்கப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

மதி


கோயம்புத்தூர்
18.6.2024

மதிக் கண்ணுக்கு,

சுகமாக இரு. உன் கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இரண்டு மாதம்தான் போயிருக்கிறது. கட்டியே இருந்தாலும் இப்படிப்பட்டவை மெதுவாக வளர்கிறவை. முதலில் இன்று இரண்டாவது வரியை எழிலனுக்குப் படித்துக் காட்டு, அத்தைக்கும் சொல். அனுவைத் தூக்கிக்கொண்டு படி இறங்காதே. எழிலனுக்கு லீவு கிடைக்கும் தேதியாகப் பார்த்து வாங்கு. உள்ளே போகும் முன் அனுவுக்கு வயிறு நிறையப் பால் கொடுத்துவிடு. அங்கி நனைந்தால் நனையட்டும், அவர்கள் துவைத்துக்கொள்வார்கள்.

என்னைக் கூப்பிட்டால் லீவு போட்டு வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் கோபமில்லை.

அக்கா


செஞ்சி
11.8.2024

அன்புள்ள அக்கா,

நீயும் மாமாவும் நலம் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். நலம் என்று இந்த முறை பழக்கத்துக்காக எழுதவில்லை. தாமதத்துக்கு மன்னித்துக்கொள், டாக்டரைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்றே இரண்டாவது வரியை அவரிடம் படித்துக் காட்டினேன். டிக்கெட் எண்ணும்போது எண்ணுவாரே, அப்படி வாய்க்குள் முணுமுணுத்து எத்தனை நாள் லீவு பாக்கி என்று பார்த்தார். அத்தை உள்ளே போய் உலை வைத்துவிட்டுத் திரும்பி வந்து, "எந்தக் காது கேக்கலன்னு சொல்லு. இனிமே அந்தப் பக்கம் நின்னுதான் உன்னத் திட்டணும்" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அதன் பிறகுதான் அத்தை அழுதார்.

ஜூலை 22 போனோம். பாதியில் நிறுத்தி ஊசி போட்டார்கள். குளிர்ந்தது அக்கா. முழங்கைவரைதான், அதற்குமேல் தெரியவில்லை. உன் மெஷினில் படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

கட்டி இருக்கிறது. காது நரம்பில், ஆறு மில்லிமீட்டர். டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார், கருப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு. புற்று இல்லை என்றார். இப்போது வெட்ட வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியோடு எடுத்து வளர்கிறதா என்று பார்ப்போம், வளர்ந்தால் அதற்கும் வழி இருக்கிறது என்றார். ஆபத்தில்லாத அளவில் பிடித்துவிட்டோம் என்று அவரிடம் மூன்று முறை சொன்னார். இடது காதில் போனது திரும்பி வராதாம். நடை தள்ளாட்டத்துக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் தேவலை.

அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தாயே. அவரிடம் நீ இதைச் சொல்வாயோ மாட்டாயோ எனக்குத் தெரியாது. நீ எனக்கு எழுதியிருக்காவிட்டால் நான் போயிருக்க மாட்டேன். இது மட்டும் உனக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது ஜனவரியில். உன்னிடம் வந்து எடுத்துக்கொள்கிறேன். அனுவையும் கூட்டி வருகிறேன், அதற்குள் நடப்பாள்.

ஒன்று எழுத விட்டுப்போயிற்று. ஊசி போட்டு வெளியே வந்தபோது அத்தை புட்டி, பாலாடை, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வந்து வரிசையாக வைத்திருந்தார். மறுநாள் மதியம்வரை புட்டிதான் என்று வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். நீ தேவையில்லை என்று எழுதியும் என் மனசு கேட்கவில்லை. அனு புட்டியைத் தள்ளினாள். பாலாடையைத் தள்ளினாள். அழாமல் என்னையே பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தை, "உன் இஷ்டம் மதி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றார். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நீ எழுதியதை நான் நம்புகிறேனா என்று அந்தக் கால் மணி நேரம்தான் என்னைக் கேட்டது.

முந்தானையைப் போர்த்திக்கொண்டு அவளை வாங்கினேன். ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடக்கூட நிறுத்தாமல் குடித்தாள். குடித்தபடியே தூங்கிப்போனாள். செஞ்சி வரும்வரை பஸ்ஸில் அவளை யாரிடமும் கொடுக்கவில்லை.

உன் தங்கை,
மதி